ஏழாயிரத்து எண்பதுக்குப் பதில் வந்த எட்டாயிரத்து ஐம்பது

நலம் சிறக்க.

கரும்பாறைத் துறைக்கும் அதைச் சூழ்ந்த தீவுகளுக்கும் உரியவரும், பனியிலும் வழி தவறாத மாலுமிகளின் குலத்தில் வந்தவருமான முகிலாள் தேவியார், உலைநகரத்துக் கம்மியர் குழுவின் தலைவர், ‘ஏழாயிரவர் மணி’ சேந்தன் காரிக்கு விடுக்கும் ஓலை. உம் நகரின் உலைகள் அணையாதிருக்க. உம் வாயிலில் வணிகர் கூட்டம் குறையாதிருக்க. உம் மகன் கொற்றன் நெடுங்காலம் கலம் செலுத்துக.

தேவியாரின் தம்பி ஆதன் அழிசி சென்ற பனிக்காலத்தில் துறைவாயிலில் இறந்ததை நீர் அறிவீர். இரங்கல் சொல்லி மாலை அனுப்பினீர். மாலை வந்து சேர்ந்தது.

பனியில் கண் உதவாது. ஆகவே கலங்கரை மாடத்தில் காட்சிப் பலகை வைப்பது இத்துறையின் வழக்கம். கடலில் உள்ள பாறையையும் கலத்தையும் அது சுவரில் வரைந்து காட்டும். காவலர் அதைப் பார்த்துச் சங்கு ஊதி வழி சொல்வர். அங்கே முன்பு ஏழாயிரத்து எண்பது என்று எண் பொறித்த பலகை இருந்தது. அதைப் பெற்றுக்கொண்டு எட்டாயிரத்து ஐம்பதைக் கொடுத்தீர். எண் கூடினால் பலகை வரையும் விரைவும் கூடும் என்று காவலர் நம்பினர். நீர் தாம்பூலம் கொடுத்து அந்த நம்பிக்கையை வளர்த்தீர். எட்டாயிரம் என்றால் எட்டாவது உலையில் வார்த்தது என்று மட்டுமே பொருள், அந்த விரைவைச் சொல்வது கடைசியில் வரும் ஐம்பதோ எண்பதோதான் என்பதை உம் குழுவுக்கு வெளியே அப்போது ஒருவரும் அறியார்.

அன்று சுவரில் ஆதனின் கலம் ஆழ்நீரில் நின்றது. சங்கு ஊதக் காரணம் இல்லை. காட்சி பிந்தி வந்தது. சுவரில் கலம் பாறையைத் தொடுமுன்பே கடலிலிருந்து அலறல் கேட்டுவிட்டது.

அவையில் வினவியபோது நீர் சிரித்தீர். பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டது துறையின் குற்றம் என்றீர். பொறித்ததில் ஒரு கீறலும் பொய்யில்லை என்றீர். வேண்டாமென்றால் சிறிய எண்ணையே கேட்டிருக்கலாமே என்றும் சொன்னீர். சிலர் உம்மோடு சேர்ந்து சிரித்தனர். அவர்களுக்கு வேறு ஓலைகள் எழுதப்படுகின்றன.

உமக்குத் தேவியார் தண்டனை தரவில்லை, பட்டம் தருகிறார். இன்றுமுதல் நீர் ‘எட்டாயிரவர் மணி’. எண் கூடியிருக்கிறது, மகிழ்க. அப்பட்டத்துக்கு உரிய பணி, கரும்பாறை மாடத்தில் தனியே அமர்ந்து சங்கு ஊதுவது. பலகை நீர் கொடுத்த அதே எட்டாயிரத்து ஐம்பதுதான். பழையதைத் தருமாறு கேட்பீர். புதியதைக் கொடுத்ததும் பழையதை உருக்கிவிடுவது உம் குழுவின் வழக்கம். ஆகவே அது இல்லை.

கொற்றன் அரச கலத்தைச் செலுத்தப் பணிக்கப்பட்டுள்ளார். பனி இறங்கியதும் துறைவாயிலில் நுழைவார். சுவரில் அவர் ஆழ்நீரில் நலமாகத் தெரிவார். அது எந்நேரத்துக் காட்சி என்பதை நீர் பொறித்த எண்ணிடம் கேட்டுக்கொள்க.

இது ஆணை. நீர் அனுப்பிய மாலையின் நாரால் கட்டி, ஆதனின் விரலில் இருந்த மோதிரத்தால் முத்திரையிட்டு விடுத்தது. மறுமொழி வேண்டா. சங்கு மாடத்தில் இருக்கிறது.