பத்திரிகையில் போட்ட பட்டம்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேற்கே இருட்டிக்கிட்டு நிக்குது, பெய்யல. அறுப்பு மிஷின் அடுத்த வாரந்தான் வருமாம்.

உரக்கடைக்கு அரை நாள் லீவு. தஞ்சாவூர் போய் தொலைநிலைக் கல்வியில பி.சி.ஏ. சேர்ந்தாச்சு. முதல் வருஷம். எனக்கு வயசு முப்பத்தொண்ணு. கவுன்ட்டர்ல இருந்த அம்மா ப்ளஸ் டூ மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இத்தனை வருஷம் என்ன சார் பண்ணீங்க?" சாதாரணமாத்தான் கேட்டாங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங், பதினாலு அரியர், எழுதி எழுதி விட்டுட்டேன்னு சொல்லணும். "விவசாயம்ங்க"ன்னேன்.

புத்தகம் தபால்ல வருமாம். கடை விலாசம் கொடுத்தேன். ஆதார்ல இருக்கிற விலாசத்துக்குத்தான் அனுப்புவாங்களாம்.

சுகந்திக்கு இது எதுவும் தெரியாது. கல்யாணமாகி ரெண்டு வருஷம். பத்திரிகையில என் பேருக்குப் பின்னாடி பி.இ. அப்பா போடச் சொன்னது. ப்ரூஃப் பார்த்துக் கொடுத்தது நான். அப்பா போயிட்டார். ப்ரூஃப் பார்த்தவன் இருக்கேன்.

செப். 11, வியாழன்

வெயில். கடையில யூரியா லோடு. பில்லிங் கம்ப்யூட்டர் ரெண்டு தடவை நின்னுபோச்சு.

வாங்க வேண்டியது: இருநூறு பக்க நோட்டு 2, அம்மாவுக்கு கண் சொட்டு மருந்து, தார்ப்பாய்.

சு. மறுபடியும் சர்டிபிகேட் பேச்சு. அவளுக்கு சென்னை போகணும். "எத்தனை நாளுங்க உரக்கடையில பில் போடுவீங்க? சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுங்க, அண்ணனுக்கு நானே அனுப்புறேன்." காலேஜ்ல இருக்குன்னேன். எப்பவும் சொல்றதுதான். அவ அண்ணன் சென்னையில நல்ல கம்பெனியில இருக்கார். இவ எப்பக் கேட்டாலும் "பார்க்கலாம் பாப்பா"தான். அண்ணனுக்கு அக்கறை இல்லைன்னு இவளுக்கு வருத்தம்.

யோசிச்சா சிரிப்பா வருது. இந்த டிகிரியை முடிச்சாலும் பி.இ. ஆகாது. அதுல அச்சடிக்கப்போற வருஷம் கல்யாணத்துக்கு அப்புறம். எதை மறைக்க இது? எதுக்குச் சேர்ந்தேன்னு எனக்கே தெரியல.

செப். 14, ஞாயிறு

முதல் வகுப்பு. விதைக் கம்பெனி மீட்டிங்னு சு.கிட்ட பொய்.

வந்திருந்தது பதினோரு பேர். ஒரு போலீஸ்காரர், பிரமோஷனுக்காம். கைக்குழந்தையோட ஒரு பொண்ணு, குழந்தையோட அப்பா வெளியில மரத்தடியில தூளியைப் பிடிச்சுக்கிட்டு. மத்தவங்க எல்லாம் சின்னப் பசங்க, என்னை சார்ங்கிறாங்க.

லேப்ல ரெண்டு எண்ணைக் கூட்டற புரோகிராம். ஒரு செமிகோலன் விட்டுப்போய் எர்ரர். கல்லூரி முதல் வருஷம், பதினெட்டு வயசுல, இதே புரோகிராம், இதே செமிகோலன். வாத்தியார் வந்து, "புதுசா படிக்கிறவங்க எல்லாருக்கும் வர்ற தப்புதாங்க"ன்னார்.

புதுசா படிக்கிறவன்.

செப். 17, புதன்

அறுத்தாச்சு. பாதி ஏத்தறதுக்குள்ள மழை. தார்ப்பாய் பத்தல. கொள்முதல் நிலையத்துல கருவியை வச்சுப் பார்த்து "ஈரம் ஜாஸ்தி, காயவச்சு எடுத்துட்டு வாங்க"ன்னுட்டாங்க. ரோட்டோரம் கொட்டிட்டு வீட்டுக்கு வந்தா மேசை மேல பார்சல். பிரிச்சிருந்தது.

சு. எதிரே உட்கார்ந்திருந்தா. கத்தல.

"முதலாம் ஆண்டுன்னு போட்டிருக்குங்க."

"ம்."

"ஐ.டி. கார்டுல உங்க போட்டோதான் ஒட்டியிருக்கு."

"ஆமா."

"பி.இ. முடிச்சவங்க எதுக்குங்க பி.சி.ஏ. முதல் வருஷம் படிக்கணும்?"

சொல்லிட்டேன். பதினாலு அரியர்னும் சொன்னேன். அம்மா அடுப்படியில தண்ணிக் குழாயை மூடாமலே நின்னுக்கிட்டிருந்தாங்க.

"நான் பி.எஸ்சி. கணக்கு, முதல் வருஷம், கிளாஸ்ல முதல் மார்க்கு"ன்னா சு. "மாப்பிள்ளை இன்ஜினியர், நீ படிச்சு என்ன ஆகணும்னு சொல்லித்தான் நிறுத்தினாங்க." அவ்வளவுதான். உள்ளே போயிட்டா.

செப். 18, வியாழன்

வானம் வெறிச்சிருக்கு. நெல்லைக் கிளறிவிட ஆள் வரல. நான்தான் கிளறினேன்.

மத்தியானம் வந்தப்ப சு. பையைக் கட்டி வச்சிருந்தா. பேராவூரணிக்கு, அவங்க அப்பா வீட்டுக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி அண்ணனுக்குப் போன். ஸ்பீக்கர்ல போட்டா, நான் கேட்கணும்னு.

"அண்ணே, இவர் இன்ஜினியரே இல்லண்ணே. பொய் சொல்லிக் கட்டியிருக்காங்க."

அந்தப் பக்கம் கதவு சாத்துற சத்தம். அப்புறம், "பாப்பா, அது எங்களுக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே காலேஜ்ல விசாரிச்சுட்டோம். அப்பாதான், ஒரே பையன், நிலம் இருக்கு, குடி கிடி கிடையாது, படிப்பு கிடக்கட்டும்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நானும் படிக்கிறேன்னு அடம் பிடிப்ப."

போனை அணைச்சா. எனக்கு முதல்ல வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொன்னா, நிம்மதி. நான் மட்டும் இல்லைன்னு ஒரு நிம்மதி. அவ முகத்தைப் பார்த்ததும் போயிடுச்சு.

பையைப் பிரிச்சு ஒவ்வொரு புடவையா எடுத்து மறுபடியும் பீரோவுல வச்சா. யார்கிட்டேயும் சொல்லாத மாதிரி சொன்னா: "கோவிச்சுக்கிட்டுப் போக எனக்கு ஒரு வீடுகூட இல்ல."

செப். 21, ஞாயிறு

வகுப்புக்குப் போகல. தலைவலின்னு யார்கிட்ட சொல்றது? யாரும் கேட்கல.

காயவச்ச நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டாச்சு. அம்மாவும் சு.வும் பேசிக்கிறது உப்பு, மிளகாய் அளவோட. அம்மா என்கிட்ட, "அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்டா." அப்பவே அம்மாவுக்கும் தெரியுமே. நான் திருப்பிக் கேட்கல.

செப். 22, திங்கள்

தூறல். சம்பா நாத்து ஒரு விரக்கடை உசரம் வந்திருக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்ப சு. என் கணக்குப் புத்தகத்தை மடியில வச்சிருந்தா. முதல் பாடம், அணிகள். பயிற்சி முழுக்க பென்சில்ல போட்டு முடிச்சிருக்கா. நான் இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டல. எட்டாவது கணக்குக்குப் புத்தகத்துல இருக்கிற விடை தப்பாம், அடிச்சுத் திருத்தியிருந்தா.

நல்லா இருக்குன்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். அவ முந்திக்கிட்டா.

"எனக்கும் ஒரு அப்ளிகேஷன் வாங்கிட்டு வாங்க."

ஒரு நிமிஷம் என்னவோ ஆயிடுச்சு எனக்கு. சேர்ந்தே பஸ்ல போறது, சேர்ந்தே படிக்கிறதுன்னு மனசு எங்கேயோ ஓடிடுச்சு. "கண்டிப்பா. ரெண்டு பேரும் ஒண்ணா"ன்னு ஆரம்பிச்சேன்.

"மூணு வருஷந்தானே?"

"ஆமா."

"முடிச்சுட்டுப் போயிடறேன்."

"எங்க?"

"எங்கேயாவது. என் மார்க்குக்கு வேலை கிடைக்கும். அதுவரைக்கும் இங்க இருக்கேன்." புத்தகத்தை மேசையில என் பக்கமா நகர்த்தி வச்சுட்டு விளக்கேத்தப் போயிட்டா. கோபமாச் சொல்லியிருந்தா தேவலை.

செப். 24, புதன்

மழை விட்டிருக்கு. முதல் பஸ்ல தஞ்சாவூர். சு.வோட மார்க் ஷீட், ஆதார், போட்டோ நாலு, எல்லாம் கவர்ல.

கவுன்ட்டர்ல அதே அம்மா. "அட்மிஷன் சனிக்கிழமையோட முடிஞ்சுபோச்சே சார். இனிமே ஜனவரிதான்." கெஞ்சிப் பார்த்தேன். மார்க் ஷீட்டைக் காட்டினேன். "நல்ல மார்க்குங்க"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தாங்க.

பஸ் ஸ்டாண்டுல வாங்கின டீ ஆறிப்போச்சு. சேர்த்தாச்சு, புத்தகம் பின்னாடி வரும்னு சொல்லிடலாமான்னு நினைச்சேன். ஜனவரி வரைக்கும் சமாளிக்கலாம். வாய்ல அந்த வாக்கியம் ரெடியா வந்து நின்னுச்சு, அதான் பயமா இருந்தது. உடனே போன் போட்டேன்.

"சேர முடியல. தேதி முடிஞ்சுபோச்சாம். ஜனவரியிலதான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம்.

"அப்ப மூணரை வருஷம்"னா. வச்சுட்டா.