மேடேற மறுத்த சிவப்பு வண்டி குறித்து

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய என் கணவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் துறைமுகத்திலிருந்து அனுப்பிய கடிதம் கைக்குக் கிடைத்து இருபத்து மூன்று நாட்கள் ஆகின்றன. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். காரணம் சோம்பல் அன்று. இங்கே ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அது முடியுமுன் எழுதினால் குற்றமற்றவர் எவர் மீதாவது பழி சுமத்திவிடுவேனோ என்று அஞ்சினேன். அஞ்சியும் மூன்று பேர் மீது சுமத்திவிட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நேற்று விசாரணை முடிந்தது. அதன் விவரத்தைக் கீழே முறைப்படி சமர்ப்பிக்கிறேன்.

ஆறாம் வகுப்போடு நின்றவள் கடிதத்தில் இத்தனை ‘முதற்கண்’ எதற்கு என்று மாடியிலிருக்கும் தங்கள் தங்கை கேலி செய்கிறாள். பள்ளியில் படித்தவர்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், தானாகப் படித்தவள் சரியாக எழுதியாக வேண்டும் என்று அவளுக்குப் பதில் சொன்னேன்.

வீட்டில் நலம். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ஆடைத் தொழிற்சாலையிலிருந்து பழுதான பதினான்கு தையல் இயந்திரங்கள் ஒரே நாளில் வந்து இறங்கின. பதினான்கும் தைத்துக்கொண்டு திரும்பிப் போயின.

இனி வண்டி.

பத்தொன்பது வயதில், தள்ளுவண்டியில் தையல் இயந்திரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனபோது என்னைக் கடந்து சென்ற அந்த இரண்டு இருக்கை சிவப்புக் காரைப் பற்றித் தங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே போன்ற ஒன்றை, இருபத்தாறு வருடப் பழையதானாலும், தாங்களே தேடிப் பிடித்து, அதன் சொந்தக்காரரான பல் மருத்துவரிடம் பேசி முடித்து, ஒருநாள் தாமதமாக ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினீர்கள். தாமதத்திற்கு மழை காரணம் என்றீர்கள். “தரை விரிப்பைப் புதுசா ஒட்டியிருக்கேன், பசை காயட்டும், கை வைக்காதே” என்றும் சொன்னீர்கள். அதற்கு மறுவாரம் தாங்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டீர்கள்.

தாங்கள் போன பிறகுதான் தண்ணீர்த் தொட்டி மேட்டில் முதன்முறையாக ஏற்றினேன். சமதரையில் ஒரு குறையும் இல்லை. மேட்டில் பாதியிலேயே மூச்சு நின்றது போலாயிற்று. மிதியைத் தரை வரை அழுத்தியும் வண்டி எறும்பு போல ஊர்ந்தது. பின்னால் வந்த ரொட்டி வண்டி என்னை முந்திக்கொண்டு போனது. அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “கயிறு கட்டி இழுக்கட்டுமாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

முதல் சந்தேகம் பல் மருத்துவர் மீது. நல்ல என்ஜினைக் காட்டிவிட்டு நோஞ்சான் என்ஜினை மாட்டி அனுப்பியிருப்பாரோ என்று தொலைபேசியில் நேரடியாகவே கேட்டேன். அவர் சிரித்தார். “அம்மா, நான் பல்லைத்தான் பிடுங்குவேன், என்ஜினைப் பிடுங்க மாட்டேன். உங்க வீட்டுக்காரர் என்னையும் உக்கார வச்சுக்கிட்டு மேட்டுல ஓட்டிப் பார்த்தாரே, சும்மா பறந்துச்சே, கேட்டுப் பாருங்க” என்றார். இந்த வாக்கியத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்களுக்குச் சிரிப்பு நன்றாக வரும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நமது தெருமுனை மெக்கானிக். புகையை முகர்ந்தே பழுதைச் சொல்லிவிடுவதால் ஊரே அவரை மூக்கர் என்று அழைப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவர் ஒருமுறை முகர்ந்துவிட்டு, “வண்டி நல்லாத்தான் இருக்குக்கா. மேடுதான் உங்ககூடக் கோவிச்சுக்கிட்டிருக்கு” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படங்களின் துணையோடு மூன்று முறை படித்து, ஒவ்வொன்றாக நானே சோதிக்கலானேன்.

காற்று வடிகட்டியைக் கழற்றினேன், சுத்தமாக இருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறத்தில், புத்தகம் சொல்வது போலவே இருந்தன. பெட்ரோல் குழாயைப் போத்தலில் விட்டுப் பார்த்தேன், தடையின்றி வந்தது. கம்ப்ரஷன் மீட்டரில் நான்கு சிலிண்டரும் ஒன்றுபோலக் காட்டின. சைலன்சர் அடைத்திருக்குமோ என்று அதைக் கழற்றி ஓட்டியதில் தெருவே வெளியே வந்து நின்றதே தவிர, வண்டி மேடேறவில்லை.

இந்தச் சோதனைகளின்போது பெஞ்சின் மேல் வைத்த மூன்றாவது பிளக் காணாமல் போயிற்று. மூக்கர் ஒளித்துவைத்து விளையாடுகிறார் என்று சத்தம் போட்டேன். அவர் மெதுவாக, “உங்க இடது கைப் பக்கத்துலயேதான் இருக்குக்கா” என்றார். பார்த்தால் இருந்தது. நான் திரும்பிய நேரத்தில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். அதே வாரம் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. எதிர்வீட்டுக்காரரின் சைக்கிள்தான் இடித்திருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்கவும் செய்வேன், தங்கள் தங்கை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவளையும் நான் விடவில்லை. பழைய மர நூல்கட்டைகள் ஏழு என் மேசை இழுப்பறையில் இருப்பது தங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் வந்த பிறகு அவை கிடைப்பதில்லை என்பதால் பத்திரப்படுத்தியவை. அவற்றில் நீலநூல் சுற்றியிருந்த ஒன்றைக் காணவில்லை. இழுப்பறையைத் துடைக்கும்போது குப்பையில் போட்டுவிட்டாய் என்று அவளைக் குற்றம்சாட்டினேன். “அண்ணி, நீங்க தப்பான வேலைக்கு வந்துட்டீங்க, போலீஸ்ல சேர்ந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

இனி, எங்கள் தவறு. மூக்கர் எப்போதும் என்ஜின் பக்கம் நின்று, ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்துப் பார்ப்பார். என்ஜின் முழுமூச்சில் உறுமும். நான் எப்போதும் இருக்கையில் அமர்ந்து காலால் மிதித்துப் பார்ப்பேன். பாதி மூச்சுதான் வரும். அவர் வண்டி நலம் என்பார், நான் நலமில்லை என்பேன். ஒருவரை ஒருவர் நம்பாததால், நான் மிதிக்கும்போது அவர் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவே இல்லை. நேற்றுதான் அது நடந்தது. நான் மிதியைத் தரை வரை அழுத்தினேன். அவர் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, முழுசா மிதிங்க” என்றார். முழுதாகத்தான் மிதிக்கிறேன் என்றேன். “பொய் சொல்லாதீங்கக்கா, உள்ள கதவு பாதிதான் திறக்குது” என்றார்.

அப்படியானால் என் கால் தொடுவது தரையன்று.

விரிப்பைப் பிய்த்தேன். பசை நன்றாகவே காய்ந்திருந்தது. உள்ளே கையை விட்டபோது, கண் காணும் முன்பே விரல் கண்டுகொண்டது. மர நூல்கட்டை. நீலநூலின் நான்கைந்து சுற்று இன்னும் அதில் இருந்தது. மிதிக்கு அடியில் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கம்பியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிராமல் உள்மடித்துச் செருகப்பட்டிருந்தது. துணிக்கொடிக் கம்பியின் நுனி என் விரலைக் கிழித்த நாளிலிருந்து இந்த வீட்டில் கம்பி கட்டுகிறவர் ஒருவரே அப்படி மடிக்கிறார்.

மூக்கர் கம்பியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நான் வேகமாக ஓட்டுவேன் என்ற பயமோ என்று முதலில் எண்ணினேன். பயமிருந்தால் தாங்கள் வாய்விட்டுத் திட்டுகிறவர். ஒளித்துவைக்கிறவர் அல்லர். ஒரு கப்பலின் என்ஜினையே நம்பி ஒப்படைக்கும் அளவுக்குத் தேர்ந்த ஃபிட்டர், நல்ல வண்டி ஒன்றை வேண்டுமென்றே நொண்டியாக்கினார் என்றால், சொல்ல வாய் வராததைக் கை செய்திருக்கிறது என்றுதான் பொருள்.

ஆகவே வண்டிக்கு முந்தைய வாரத்தை நினைத்துப் பார்த்தேன். கண் மருத்துவமனையில் இருட்டறையில் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடப்பக்கம் புள்ளியே வரவில்லை, இயந்திரம் பழுது என்று வெளியே வந்ததும் தங்களிடம் சொன்னேன். தாங்கள் சிரிக்கவில்லை. கண்ணில் மருந்து விட்டு என்னை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மருத்துவர் தங்களை மட்டும் உள்ளே அழைத்தார். வெகு நேரம் கழித்து வந்து, “ஒண்ணுமில்ல, பட்டறைத் தூசுதான்” என்றீர்கள். தினமும் விடச் சொல்லித் தந்த சொட்டு மருந்துச் சீசாவில் பெயர்க் காகிதம் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து மாலை ஆறு மணியானால் தங்கள் தங்கை சீசாவோடு சிறைக் காவலர் போல வந்து நிற்கிறாள்.

பிளக் என் இடப்பக்கம். கண்ணாடி இடப்பக்கம். எதிர்வீட்டுக்காரரின் சைக்கிளுக்கு நம் வாசல் கதவுத் தூணில் சிவப்புச் சாயம் பூசத் தெரியாது. இன்று காலை தூணைத் தடவிப் பார்த்தேன்.

தங்கள் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். “அண்ணன் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கான் அண்ணி, என்கிட்ட கேக்காதீங்க” என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சத்தியத்தைக் கொடுத்தவள் உடைக்கக் கூடாது. வாங்கியவர்தான் விடுவிக்க வேண்டும்.

கட்டையை எடுத்துவிட்டு இன்று மாலை வண்டியை மேட்டில் ஏற்றினோம். ஓட்டியவர் மூக்கர். “உங்க வண்டி, நீங்கதான் ஓட்டணும்” என்று பிடிவாதம் பிடித்தார். மறுத்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டேன். பல் மருத்துவர் பொய் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் கேட்ட அதே சத்தம். இறங்கும்போது மூக்கர், “இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டுட்டு யாராச்சும் அழுவாங்களாக்கா?” என்று கேட்டார். புகை என்று சொல்லிவிட்டேன். அவர் முகர்ந்து பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நூல்கட்டையைப் பழைய இடத்திலேயே நானே கட்டிவைத்தேன். பழுதைப் பார்க்கிறவர்கள் பழுதைத் திரும்ப மாட்டுவதை இப்போதுதான் பார்ப்பதாக மூக்கர் சொன்னார். கம்பியின் நுனியைத் தங்களைப் போலவே உள்மடித்திருக்கிறேன். சாவி தங்கள் தங்கையிடம் இருக்கிறது. கட்டையை அவிழ்ப்பதா, வண்டியை விற்பதா, பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்துகொள்வதா என்பதை நான் முடிவு செய்வேன். ஆனால் எதை வைத்து முடிவு செய்வது என்பதைத் தாங்கள்தான் எனக்குத் தர வேண்டும்.

மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். அது என்ன நோய், எவ்வளவு போய்விட்டது, மீதியைக் காப்பாற்ற முடியுமா, எத்தனை நாள் என் கை ஊசியின் பக்கத்தில் இருக்கலாம். எனக்குப் புரியாத சொல் வந்தால் நான் அகராதியைப் பார்த்துக்கொள்வேன். இதுவரை எல்லாவற்றையும் அப்படித்தான் கற்றேன். தங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். என்ஜின் அறையில் ஒவ்வொரு நாளும் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு நிற்கிறீர்களே என்ற வருத்தம் அதைவிடப் பெரிது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்திற்குச் சாப்பிடுங்கள். கடல் தங்களை நல்லபடியாகத் திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
மனைவி

பி.கு.: தாளின் இடப்பக்கத்தில் நான்கு விரல் அகலம் இடம் விட்டு எழுதவும். விரைவில் பதில் போடவும்.