செத்தவர் சிரிக்க வேண்டும்

7.12.2008, ஞாயிறு

சஹாபுதீன் ஒருவழியாக என்னைப் பிடித்துவிட்டான். ரயிலடிக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிற பிள்ளை. மீஞ்சூரில் பாதிக் கல்யாணம் அவன் கேமராவுக்காகத்தான் நடக்கிறது. கடைக்குத் திரை தைத்துக் கொடுக்கப் போனவளை உட்கார வைத்து ஒரு பழைய வெளிநாட்டுப் பேய்ப்படம் போட்டுக் காட்டினான். ஊமைப் படம். கடலில் செத்துப்போன ஒருத்தன் தினமும் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்காருகிறான். தான் செத்தது யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. பெண்டாட்டிக்குத் தெரியும். சொன்னால் போய்விடுவான் என்று சொல்லாமலே பரிமாறுகிறாள். ரத்தம் இல்லை, கோரைப்பல் இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டுப் போனது.

அதைத்தான் இந்தக் காலத்துக்கு மாற்றி எடுக்கப் போகிறானாம், குறும்படப் போட்டிக்கு. மாலுமிக்குப் பதில் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்காரன். பெண்டாட்டியாக நான். "நீங்க பேசவே வேணாங்கா, மூஞ்சி போதும்" என்றான். இது புகழ்ச்சியா என்று தெரியவில்லை.

பொட்டை அழிக்கிற காட்சி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, புருஷன் செத்ததே வெளியே தெரியாதே. அப்படியென்றால் சரி என்றேன்.

8.12.2008

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ இன்னாவோ பண்ணு" என்றார். அவ்வளவுதான். வழக்கமாக இதற்கெல்லாம் அரை மணி நேரம் உபதேசம் நடக்கும். கம்பி மில்லில் வேலை அதிகம் போல. கொஞ்ச நாளாகவே ஆள் அரைத்தூக்கத்தில் நடமாடுகிறார்.

17.12.2008, புதன்

கம்பெனி வாசலில் ஒரு காட்சி எடுக்க வேண்டும், மூடிக் கிடக்கிற மில் ஒன்று இருக்கிறது என்று சஹாபுதீன் கூட்டிப்போனான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் ஆட்டோ திரும்பியதுமே வழி தெரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வந்து பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போன கேட். அவருடைய மில்.

கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் முனுசாமி சொன்னார்: "தீவாளிக்கு முந்தியே மூட்டாங்கம்மா. கம்பி வெல அப்டியே எறங்கிடுச்சில்ல? அல்லாரையும் அனுப்ச்சிட்டாங்க."

இன்று காலையில்கூட எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். அதை எங்கே உட்கார்ந்து தின்றார்? மாசம் பிறந்ததும் சம்பளம் என்று கொடுத்தாரே, அது என்ன?

இவர் வேலை செய்கிற மில் இதுதான் என்று சஹாபுதீனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. "பயந்தா மாதிரி கேட்டைப் பாருங்கக்கா" என்றான். ஒரே டேக்கில் ஓகே.

18.12.2008

கேட்கவில்லை.

21.12.2008

இன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும்? அவர் வாய் திறந்து கடன் கேட்டதில்லை, உடம்பு முடியவில்லை என்றுகூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுஷன், எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் — எங்கேயாவது போய்விட்டால்? வேலைக்கென்று தினமும் ரயிலடியில்தான் போய் நிற்கிறார். சே, இந்த நினைப்பே வரக்கூடாது. வருதே, நான் இன்னா பண்ணுவேன்?

சாயங்காலம் வருகிறார். கை கழுவுகிறார். "இன்னிக்கு லோடு ஜாஸ்தி" என்கிறார். நான் ரசம் ஊற்றுகிறேன். சஹாபுதீன் ஒத்திகைக்குக் கூப்பிட்டான். எனக்கு ஒத்திகை வீட்டிலேயே நடக்கிறது.

2.1.2009

செத்த புருஷனாக நடிக்க வேண்டிய தணிகாசலம் கழன்றுகொண்டான். தை மாசம் கல்யாணமாம். இந்த நேரத்தில் செத்தவனாக நடிக்கக் கூடாது என்று அவன் அம்மா பிடிவாதம். சஹாபுதீன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டான்.

"ஷிப்ட்டு இருக்கேப்பா" என்றார் இவர். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலை தூக்கவில்லை. அப்புறம் அவரே, "சரி, ஞாயித்துக்கெழம எடு" என்றார்.

11.1.2009, ஞாயிறு

எங்கள் வீட்டிலேயே எடுத்தான். பட்டப்பகல், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. இவருக்கு முகத்தில் பவுடர் அப்பினான், கண்ணுக்குக் கீழே மட்டும் மை வேண்டாம் என்றான். "அண்ணனுக்கு ஏற்கெனவே கறுத்துத்தான் கீது."

நான் பரிமாற வேண்டும், இவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதுப் படத்தில் சத்தம் உண்டு, பேச்சு கிடையாது. கரண்டிச் சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும். இவர் நன்றாகவே செய்தார். பின்னே, பழகினதுதானே.

முடிந்த பிறகும் சஹாபுதீன் கேமராவை அணைக்கவில்லை. செத்தவராக நடித்தவர் கடைசியில் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட வேண்டுமாம். சினிமாக்காரர்கள் விடாமல் செய்கிற சாங்கியம், இல்லாவிட்டால் ஆகாதாம். "சிரிங்கண்ணே, முடிச்சிக்கலாம்."

இவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து சஹாபுதீன் "சூப்பர்ணே" என்றான்.

நான் குறுக்கே போய் உட்கார்ந்தேன். "மில்லு மூடனது எனக்குத் தெரியும். போன மாசமே தெரியும். அதுக்காவ யாரும் செத்துப் போவல. சிரி. சிரிக்காம உன்ன எழுந்திருக்க உடமாட்டேன்" என்றேன். கல்யாணமாகி முதல் தடவையாக நீ என்று வந்துவிட்டது.

அந்தப் பழைய படத்தில் அவள் வாய் திறந்ததும் நாற்காலி காலியாகிவிடும். இவர் போகவில்லை. பவுடர் கரைந்து வழிய, அழுகையும் அதுவுமாக ஒரு சிரிப்பு சிரித்தார். சஹாபுதீன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு அதையும் எடுத்தான்.

12.1.2009

சண்டை. "தெரிஞ்சிக்கினே சோறு கட்டிக் குடுத்தியா? நான் இன்னா பைத்தியக்காரனா?" என்றார். "லோடு ஜாஸ்தின்னு சொன்னது யாரு?" என்றேன். பிறகு அவராகவே சொன்னார். கும்மிடிப்பூண்டியையும் தாண்டி சூலூர்பேட்டை வரைக்கும் ரயிலில் போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நேரம் பார்த்துத் திரும்புவாராம். மழை நாளிலும். சம்பளம் என்று கொடுத்தது, மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணமாம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

12.2.2009, வியாழன்

போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சஹாபுதீன் வந்து சொன்னான். முடிவை மாற்றிவிட்டானாம்: அவள் சொல்லிவிடுகிறாள், அவன் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறான். மூலத்தைக் கெடுத்துவிட்டாய், பேய்ப்படத்தில் பேய் போக வேண்டாமா என்று நடுவர் கேட்டாராம். "போவலியே சார்னு சொன்னேங்கா" என்றான்.

இவர் காலையில் காட்டுப்பள்ளிக்குப் போனார். துறைமுகம் கட்டுகிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. பொழுது சாய்ந்து வந்தார். "கெடைக்கல இளமதி" என்றார், வாசலில் நின்றபடியே, செருப்பைக்கூடக் கழற்றாமல்.