ஒரிவாலின் மிதவைகள்

மார்ச் 4
மிளகளவு சிப்பிக் குஞ்சுகளை வலைக்கூடுகளில் போட்டுக் கடலில் தொங்கவிட்டேன். ரிபெய்ரோன் கடற்கரையே வேடிக்கை பார்த்தது. டால்பின் ஒன்று துள்ளிக் கைதட்டியது. (சரி, வாலைத் தட்டியது.) இவை தேறினால்தான் அடுத்த வருஷம் என் வீட்டில் அடுப்பு எரியும்.

மார்ச் 18
தண்ணீர் சிவந்திருக்கிறது.

மார்ச் 20
செத்துவிட்டன. எல்லாம். கூட்டை உதறினால் வெற்று ஓடு சலசலக்கிறது. பெரிய சிப்பிகளுக்கு ஒன்றுமில்லை.
"நச்சுப் பாசி பூத்திருக்கு மாமா. பெருசு வாய மூடிக்கிட்டுத் தாங்கும், குஞ்சு தாங்காது" என்றாள் தண்ணீரைச் சோதிக்க வந்த பல்கலைக்கழகத்துப் பெண்.
பாசியாம்! என் தங்கை புருஷன் ஒரிவால் போன வாரம் படகுக்குச் சிவப்பு வர்ணம் அடித்தானே, கழுவின தண்ணி எங்கடா போச்சு? பக்கத்திலேயே தொங்கும் அவன் குஞ்சுகள் மட்டும் எப்படி உயிரோடு இருக்கு? "நாளைக்கு அங்கயும் பரவும்" என்கிறாள். பரவாது. நான் பரப்புகிறேன்.

மார்ச் 22
ஊரே சிலுவை சுமந்த ஆண்டவரின் ஊர்வலத்துக்குப் போனது. எனக்கு வயிற்றுவலி! படகை எடுத்தேன். ஒரிவாலின் மிதவைகளை ஒன்றுவிடாமல் அறுத்தேன். கூடுகள் அடிக்குப் போயின. சேற்றில் மூச்சுமுட்டிச் சாகட்டும். ஆண்டவரே, மன்னிக்க வேண்டாம், வேறு பக்கம் பார்த்தால் போதும்.

மார்ச் 23
ஒரிவால் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். புது மிதவை நகரத்திலிருந்து வர வேண்டும், அதுவரை கூடுகள் அடியிலேயே கிடக்கும். எனக்கு நல்ல பசி. இரண்டு தட்டு வறுத்த மீன்.

மார்ச் 25
விரிகுடா முழுக்கச் சிவப்பு. எல்லோர் குஞ்சும் காலி.

ஏப்ரல் 3
தண்ணீர் தெளிந்தது. புது மிதவை வந்ததும் ஒரிவால் கூடுகளைத் தூக்கினான். உயிரோடு! அத்தனையும்! விஷம் மேல்தண்ணீரில்தானாம், அடியில் கிடந்ததால் தப்பித்தனவாம்.
"மச்சான், அறுத்த மகராசன் யாருன்னு தெரிஞ்சா பாதிக் குஞ்சு அவனுக்குத்தான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டான்.
சொல்லலாமா? ஏன் அறுத்தே என்று கேட்பானே.
என் மனைவி செனைடி மெதுவாக, "வயித்துவலி எப்படிய்யா இருக்கு?" என்றாள்.

ஏப்ரல் 5
மதுக்கடையில் இன்னொரு சிப்பிக்காரன் நேசியோ, "நான்தான் அறுத்தேன். கனவுல ஆண்டவர் சொன்னாரு" என்றானாம். பாதிக் குஞ்சும் அவனுக்குப் போயாச்சு. பொய்யன்! இந்த ஊரில் இப்படியும் புளுகுவார்களா?

ஏப்ரல் 7
ஒரிவால் இரக்கப்பட்டு எனக்கும் ஒரு கூடு கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அதை மிதவையில் கட்டும்போது பக்கத்துப் படகிலிருந்து நேசியோ கத்தினான்: "இன்னும் ஆழமா இறக்குண்ணே, எனக்குத் தெரியும்!"
இறக்கினேன்.