கொடி துடைத்த துணி

இன்று காலை எங்கள் வாசலில் ஒரு கறுப்புத் துணி வந்து விழுந்தது. எதிர்வீட்டிலிருந்துதான் வந்தது. எறிந்தது நீ இல்லை, உன் அம்மா. "இந்தா, இன்னிக்கி வந்த பார்சல்!" என்று உன்னைப் போலவே கத்தினாள். எடுத்து முகர்ந்தேன். இரும்பும் எரிந்த எண்ணெயும் கலந்த அதே வாடை. நீ போன பிறகு உனக்கு எதையும் எழுதக்கூடாது என்றிருந்தேன். செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது நமக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் எழுதுகிறேன்.

துணி காயப்போடும் முன் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைக்கும் பழக்கத்தை வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகள் இரவெல்லாம் ஓடுகின்றன. விடிந்தால் நம் தெருக் கயிறுகளின் மேல் கரி உட்கார்ந்திருக்கும். துடைக்காமல் போட்டால் வெள்ளைச் சட்டையின் குறுக்கே ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் அந்தக் கோட்டை வைத்தே நம் தெருப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "வரிக்குதிரை" என்று என்னைக் கூப்பிட்டவனைப் புத்தகப் பையாலேயே சாத்தியவள் நீ. உன் சட்டையிலும் அன்று கோடு இருந்தது.

பாலிடெக்னிக் முடித்து, உதிரிப்பாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தாய். கம்பெனிப் பேருந்து வருவதற்குள் கயிற்றைத் துடைத்து, துணியைச் சுருட்டி எங்கள் வாசலில் எறிவாய். உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் அவை. "மேடம், எழுந்துட்டீங்களா? நம்ம ஊட்டுக்கு பார்சல் வந்துக்குது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க." நான் எம்.ஏ. படிப்பதால் உனக்கு நான் மேடம். சில நாள் துணி கறுப்பாக வரும். சில நாள் செம்மண் நிறத்தில் வரும். நான் திட்டிக்கொண்டே திருப்பி எறிவேன். நீ அவற்றைத் தோய்க்காமல் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் என்னையும் இழுத்துக்கொண்டு, இந்தக் கரியைப் பற்றி மனுக் கொடுக்கத் திருவள்ளூருக்குப் புறப்பட்டாய். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய் வேறு ரயில் பிடித்துத் திரும்ப வர வேண்டும். "நம்ம ஜில்லாவுக்குள்ள போறதுக்கே மெட்ராஸ சுத்திக்கினு போவணும். நம்ம மனு எப்பிடிடீ நேரா போவும்?" என்றாய். பெட்டியே சிரித்தது.

அங்கே ஓர் அலுவலகத்தில் மேசைக்காரர் பையைத் தொடக்கூட இல்லை. "எந்த ஊட்டு அடுப்புக்கரியோ, இதையெல்லாம் இங்க கொண்டாந்தா எப்பிடிமா?" என்றார்.

"எங்க ஊட்டுல காஸ் அடுப்பு சார். நீங்களே வந்து ஒரு நாளு தொடச்சிப் பாருங்க. நாஷ்டா எங்க ஊட்ல," என்றாய் நீ.

அவர் வரவில்லை. வெளியே வந்து நான் அந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ பையை மடியில் வைத்துக்கொண்டு வடை தின்றாய்.

பிறகுதான் என் கல்லூரியில் அந்த அறிவிப்பு வந்தது. எரிசக்திப் பாதுகாப்புக் கொள்கை பற்றி ஜெர்மனியில் மூன்று வாரப் படிப்புப் பயணம். விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. செல்பேசியில் உனக்குக் காட்டிவிட்டு, "அவனுங்க வகுப்பு எடுப்பானுங்க, நாம கை தட்டிட்டு வரணும்" என்றேன்.

"ஓசியில ஏரோப்ளேன் ஏத்தறான், உனக்கு இன்னாடி ரோசம்? இங்க பாரு, கடைசி நாளு ஒவ்வொருத்தரும் பேசணும்னு போட்டுக்குது. அன்னிக்கி எம் பைய மேசை மேல கவுத்துடு. அந்தத் திருவள்ளூரு ஆளுதான் பாக்கல. அங்கயாச்சும் பாக்கட்டும்."

"தலைப்பு எரிசக்திப் பாதுகாப்புடீ. கரித்துணி இல்ல."

"கரண்டு பத்தரமா இருக்கணும்னு இத்தினி பேரு பேசறாங்க. கரண்டு பத்தரமா இருந்து, நாம இல்லாம போனா?"

நேர்காணலில் இதையேதான் சொன்னேன், எழுத்துத் தமிழில் அல்ல, நீ சொன்னபடியே, பிறகு ஆங்கிலத்தில். எதிரே இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

தேர்வான செய்தி வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூச்சுக்கான முகமூடியைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரியிடம், "எம் ஃப்ரெண்டு ஃபாரின் போறா" என்றாய். என்னிடம், "ஜட்டி நெறைய எடுத்துக்கினு போ, அங்கல்லாம் சீக்கிரம் காயாதாம்" என்றாய். நர்ஸ் உன்னைத் திட்டி முகமூடியை மாட்டிவிட்டார். பிறகு நீ அதிகம் பேசவில்லை. நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். உலை என்று எந்த ஆஸ்பத்திரியிலும் எழுத மாட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்ட என்னிடமும் எதுவும் இல்லை. அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் கருமாதி முடிந்த மறுநாள், வழக்கப்படி உன் வீட்டை அலசி, இருந்த துணிகளையெல்லாம் தோய்த்தார்கள். பையை வாங்கிப்போக நான் வந்தேன். கொடியில் உன் அப்பாவின் வேட்டித் துண்டுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பளீர் வெள்ளை. உன் அம்மா சோடா போட்டு ஊறவைத்து, பிளீச்சிங் போட்டு அலசியிருந்தாள்.

"எம்மா அழுக்கு சேத்து வெச்சிருந்தா பாரு. தோய்க்க நேரமே இல்ல போல, பாவம்" என்றாள்.

அவை எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. ஜெர்மனிக்குப் புறப்படும் முன்பு ஒரு துண்டு கேட்டேன். எதற்கென்று கேட்டாள், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு சேத்தத நானே அழிச்சிட்டனேடீ." அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. வெளுத்த துணியில் ஒன்றை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

பெர்லினில் நாங்கள் தங்கிய விடுதியின் பின்கட்டில் ஒரு கொடிக்கயிறு இருந்தது. துவைத்த துணியோடு போனவள், யோசிக்காமலே உன் துணியை நனைத்துக் கயிற்றைத் துடைத்தேன். அறைத்தோழி புனேக்காரி. "கயிறு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள். நான் துணியைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கயிற்றை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

வகுப்புகள் நன்றாகவே நடந்தன. பொய் சொல்ல மாட்டேன். எரிவாயுக் குழாய், போர், மின்கட்டமைப்பு என்று நிறையக் கற்றுக்கொண்டேன். எவரும் யார் வீட்டுக் கொடியைப் பற்றியும் பேசவில்லை. கடைசி நாளுக்கு முன்தினம், எங்களை அழைத்து வந்த பேராசிரியர், "வெளியே வந்து நம் ஊரைக் குறை சொல்ல வேண்டாம், சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசேன்" என்றார். வெறும் வெள்ளைத் துணியைக் காட்டி நான் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. அன்று மாலை உன் அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னதும் கேட்டாள்: "நாளைக்கி எத்தினி மணிக்கி?"

என் முறை வந்தபோது அங்கே காலை, நம் ஊரில் மதியம். வீடியோ அழைப்பு. பெரிய திரை முழுக்க உன் அம்மா. அன்று காலையிலிருந்து துணியே போடாமல் கயிற்றை அப்படியே விட்டு வைத்திருந்தாள். அரங்கைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அத்தே, கேக்குதா?"

"கேக்குது. இன்னாடி இத்தினி பேரு கீறாங்க! நாஷ்டா துண்ணியா?"

மொழிபெயர்த்தேன். சிரித்தார்கள்.

"பேச்சு அப்புறம். எல்லாரையும் இங்க பாக்கச் சொல்லு." முந்தின நாள் தோய்த்த வெள்ளைத் துண்டைக் காட்டினாள். நனைத்தாள். கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தாள். பிறகு விரித்துத் திரைக்கு நேரே பிடித்தாள். திரை கறுத்தது. துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எம் பொண்ணு தெனமும் இத எடுத்து வெச்சா. நான் தெரியாம தோய்ச்சிட்டேன். பரவால்ல, திரும்ப எடுத்துத் தரேன். எவ்ளோ வேணும்னு கேளு."

எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார், என்றேன். அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த ஒரு வயதான பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நிலக்கரி ஊரொன்றில் பிறந்தவராம். அவருடைய தாயும் புகை வரும்போதெல்லாம் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவாராம். "எங்கள் கயிறு இப்போது சுத்தம்" என்றார். உங்கள் கயிற்றைச் சுத்தம் செய்ய முடிந்திருக்கிறது, எங்களுடையதை முடியாது என்று எவனும் இனிச் சொல்ல முடியாது, என்றேன். அரங்கிலிருந்த ஓர் அதிகாரி, தான் நெகிழ்ந்துவிட்டதாகச் சொன்னார். நெகிழ்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கையிலிருந்த காபியைப் பார்த்தார். அவர் எதுவும் செய்யப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். உலைகள் இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனாலும் உன் பை அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுப்புக்கரி என்று அங்கே ஒருவர் வாயும் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த பெருமை இது ஒன்றுதான், அதுவும் உன்னுடையது.

இப்போது நம் தெருவில் யாரும் கொடி துடைத்த துணியைத் தோய்ப்பதில்லை. விடிந்ததும் நாலா பக்கத்திலிருந்தும் எங்கள் வாசலில் பார்சல் விழுகிறது. என் அம்மா எல்லாரையும் திட்டுகிறாள், பிறகு அவளே பொறுக்கி வைக்கிறாள்.

வரும் திங்கட்கிழமை திருவள்ளூருக்குப் போகிறோம். அதே அலுவலகம், அதே மேசை. உன் அம்மாவும் வருகிறாள். அந்த ஆள் அடுப்புக்கரி என்று சொன்ன கதையை நேற்றுத்தான் அவளிடம் சொன்னேன். எழுந்து வாசலுக்குப் போய்க் கொடியின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இத அவுத்துக்கினே போலாம். அவரு கையாலயே தொடைக்கட்டும்."

உன் பை இப்போது என் அறைக் கதவில் தொங்குகிறது. இன்றைய துணியையும் அதில் போட்டுவிட்டேன். தோய்க்கவில்லை.