நான் எழுதாத ராஜினாமா

என் அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேண்டிய அளவு தூங்கி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணனுக்கு வேறு கிளைக்கு மாற்றல் ஆகிவிட்டது, வாரக் கடைசியில்தான் வருகிறான், வந்தாலும் துணி மூட்டையை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுகிறான். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. போன ஞாயிறு பேசும்போது குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்டாய், சளி என்று மழுப்பிவிட்டேன். சளி இல்லை. ஆபீசில் ஒன்று நடந்துவிட்டது, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் போன் என் மேஜைக்குத்தான் வரும், எந்த மெக்கானிக் எங்கே போவது என்று நான்தான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடங்களின் மெஷின் ரூம் சாவிகள் எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் தொங்குகின்றன. சில மாதங்களுக்கு முன் யாரோ எங்கள் பெயரில் ஒரு வாடிக்கையாளருக்குப் பொய் மெயில் அனுப்பிவிட்டார்கள். அவர் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டுக் கேட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது, கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்க என்றே ஒருவரை வேலைக்கு வைத்தார். வாயைத் திறந்தால் பூட்டு, பூட்டு என்பார், அதனால் அவருக்குப் பூட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாஸ்வேர்டை நீளமாக வை, திரையோரம் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துப் போடு, கண்ட பென்டிரைவைச் செருகாதே, நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டு. நல்லதற்குத்தான் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும். ஆனால் பாஸ்வேர்டைப் போட்டு, பிறகு செல்போனுக்கு வரும் எண்ணையும் பார்த்துத் தட்டி நான் உள்ளே போவதற்குள், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மறுமுனையில் கத்த ஆரம்பித்துவிடுகிறார். சாயங்காலம் ஆனால் கை ஓய்ந்து போகிறது.

திரையைப் பூட்டாமல் போகிறவர்களுக்குப் பூட்டு ஒரு தண்டனை வைத்தார். பக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே, இன்று எல்லோருக்கும் டீ என் செலவு என்று மெயில் தட்டிவிடலாம். கணக்குப் பிரிவுக்காரர்தான் ஓயாமல் மாட்டினார், நானும் எல்லோருடனும் சேர்ந்து சிரித்தேன். போன மாதம் ஒரு நாள், ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று மெக்கானிக் சாவிக்காக வாசலில் நின்று பறந்தார். நான் போட்டது போட்டபடி எழுந்து போய்ச் சாவியைக் கொடுத்து, வழியைச் சொல்லி அனுப்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் உதிரிபாகப் பிரிவில் இருக்கும் பெண், அக்கா அக்கா என்று என்னையே சுற்றி வருகிறவள், என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். டீ மெயில் அலுத்துவிட்டது என்று புதிதாக ஒன்று தட்டியிருக்கிறாள். உடம்பு முடியவில்லை, அடுத்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று முதலாளிக்கு இரண்டே வரி. அவர் பதறிக்கொண்டு வெளியே வருவார், எல்லோரும் சிரிக்கலாம் என்று நினைத்தாளாம்.

அவர் வரவில்லை, பதில்தான் வந்தது. என் முடிவை மதிக்கிறாராம், இத்தனை வருட உழைப்புக்கு நன்றியாம். என் இடத்துக்கு ஆள் பார்க்கச் சொல்லி அதிலேயே மேனேஜருக்கும் எழுதியிருந்தார். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார், குரல் கொடுத்தால் எனக்குக் கேட்கும். வேறு யாருக்கோ வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன், கீழே என் பெயரைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அந்தப் பெண் முகம் வெளுத்து நின்று, தான்தான் அனுப்பியது என்று அழுதாள். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. அவள் செய்தது விளையாட்டு, அவர் எழுதியது விளையாட்டு இல்லையே.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உள்ளே போய், அந்த மெயில் நான் எழுதியதில்லை என்றேன். அவர் முகத்தில் வந்தது சங்கடமா ஏமாற்றமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு பூட்டைக் கூப்பிட்டுக் கத்தினார், அந்தப் பெண்ணை இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றார். பூட்டு தலையைத் தொங்கப்போட்டு நின்றார். நான் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன். “சார், அவ என் சீட்ல உக்காந்ததும் தப்பு, நான் பூட்டாம எழுந்து போனதும் தப்பு. ஆனா நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலையே. நாளைக்கு உங்க பேர்ல, ஆஸ்பத்திரி சாவிய வர்ற ஆள்கிட்ட குடுத்துடுங்கன்னு எனக்கு ஒரு மெயில் வந்தா, நானும் ஒண்ணும் கேக்காம குடுத்துடட்டுமா?” அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. பூட்டு நிமிர்ந்து, அக்கா சொல்வதுதான் சார் நம்மிடம் இருக்கும் பெரிய ஓட்டை என்றார்.

டீ விளையாட்டை நிறுத்தியாயிற்று. அடுத்தவர் திரை திறந்திருந்தால் பூட்டிவிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாவியோ வேலையோ, பெரிய விஷயம் எது மெயிலில் வந்தாலும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் மேலே போக வேண்டும், முதலாளிக்கும் அதே சட்டம். தப்பு செய்துவிட்டு உடனே வந்து சொல்கிறவர்களைத் திட்டக் கூடாது என்று பூட்டே கேட்டு வாங்கினார். அந்தப் பெண்ணின் வேலையும் தப்பியது, நான் கேட்டுக்கொண்டதால்தான். இப்போது நாங்கள் ஸ்டேப்ளர் கேட்டு மெயில் போட்டால்கூட முதலாளி எழுந்து வந்து, இது நீங்கள்தானே என்று கேட்கிறார். நீங்க களைச்சுப் போயிருக்கீங்க, அதனாலதான் சரின்னு சொன்னேன் என்று ஒருநாள் இழுத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த போனை எடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். “அந்தப் பதிலப் படிச்சப்போ உனக்குக் கொஞ்சம்கூட நிம்மதியா இல்லையா?” நான் சண்டைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அது எனக்குத்தான் என்று புரிந்த அந்த நொடியில், இனிமேல் காலையில் எழுந்து ஓட வேண்டாம் என்று மனதின் ஒரு ஓரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டது உண்மைதான். போவதென்றால் என் வாயால் சொல்லிவிட்டுப் போவேன். எப்போது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

நீங்கள் இருவரும் மனமொத்து, நோய்நொடி அண்டாமல், நிறைவாக வாழ வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உன் பெயரில் அவசரம் என்று எது வந்தாலும் உன் குரலைக் கேட்காமல் நான் நம்பப்போவதில்லை, என் பெயரில் வந்தால் நீயும் அப்படியே செய். அதைச் சாக்காக வைத்தாவது வாரத்தில் இன்னும் ஒரு நாள் கூப்பிடு.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா