கள்ளனுக்குப் பிடித்த வண்டி

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரரின் புது மோட்டார் சைக்கிள் ஊளையிட்டது. ஒன்றுமில்லை, சீட்டின் மேல் பூனை குதித்திருக்கிறது. யாராவது தொட்டாலே கத்துகிற கருவியாம். தெருவே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது. உன் காலத்தில் இது இருந்திருந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி மாட்டியிருப்பாய்.

உன்னிடம் சொல்லாமலே விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன். உன் மேல் எனக்குப் பொறாமை. நீ போன பிறகும் அது குறைந்தபாடில்லை.

கோவில்பட்டியிலிருந்து இருவரும் வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போனோம். நான் எவர்சில்வர் பாத்திரம், நீ சேலை. மோட்டார் சைக்கிளை முதலில் வாங்கியவன் நான்தான். சில மாதம் கழித்து அதே வண்டியைக் கறுப்பு நிறத்தில் நீ வாங்கினாய். அதோடு என் கதை முடிந்தது. "ஒம்ம சேக்காளி வண்டியப் பாத்துட்டு நீரும் வாங்கிட்டீராக்கும்?" என்று என்னிடமே கேட்டார்கள்.

மழை பெய்தால் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. நான் வண்டியைத் திட்டிக்கொண்டே தள்ளுவேன். நீ இறங்கி, ஒரு குச்சியை ஒடித்து, பிள்ளைக்குக் காது குடைவதுபோல் மண்ணை எடுப்பாய். உன் ஹாரன் சத்தத்துக்குப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள். என் ஹாரனுக்கு நாய்தான் வரும்.

ஊரில் வண்டிகள் காணாமல் போகத் தொடங்கிய நாட்கள் அவை. சினிமாக் கொட்டகை வாசலில் ஒன்று, கல்யாண மண்டபத்தில் ஒன்று என்று பேச்சாகவே இருந்தது. நீ பொழுதெல்லாம் அதே கவலையாக இருந்தாய். சைடு லாக் போடுவாய். பிளக் கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய். அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. கடைசியாகக் கனத்த இரும்புச் சங்கிலியைச் சக்கரத்தில் கோத்து, மரமோ கம்பமோ எது இருக்கிறதோ அதோடு சேர்த்துப் பூட்டுவாய்.

"சைடு லாக்க நம்பாதல. ஓங்கி ஒரு மிதி மிதிச்சான்னா ஒடஞ்சிரும்" என்பாய்.

"ஒன் வண்டியில தங்கமா பூசியிருக்கு?" என்று கேலி செய்வேன். காவல் காக்கிற அளவுக்கு உனக்கு ஒரு பொருளின் மேல் ஆசை இருந்ததே, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி பசுவந்தனையில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். முகூர்த்தம் முடிந்து வெயில் ஏறியிருந்தது. ஒரே வேப்பமரத்தடியில் இரண்டு வண்டிகளையும் நிறுத்தினோம். என் வண்டியின் சைடு லாக் அதற்கு முந்தின வாரம்தான் உடைந்திருந்தது. நீ சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாய். பிறகு குனிந்து என் வண்டியை மரத்தோடு பூட்டினாய்.

"ஏலே, என்ன செய்யுத?"

"ஒன் வண்டிக்கு ஒரு பூட்டுங் கெடையாது. எனக்குத்தான் சைடு லாக் இருக்கே, கேப்பும் பையில கெடக்கு. வா, பந்தி போட்டாச்சு."

சாப்பிட்டுவிட்டு வந்தபோது மரத்தடியில் என் வண்டி மட்டும் நின்றது.

எதிரில் பூ விற்ற அம்மா சொன்னார்: "ரெண்டு பேரு வேன்ல தூக்கி வச்சாவ. ரிப்பேருக்குக் கொண்டு போறோம்னு சொன்னாவளே, ஒங்க ஆளு இல்லையா?"

நீ சட்டைப் பையிலிருந்து பிளக் கேப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். "இது எங்கிட்ட இருக்கு. வண்டி அவங்கிட்ட இருக்கு" என்றாய். சிரிக்கத்தான் பார்த்தாய், உதடு கோணிக்கொண்டது.

கல்யாண வீடே உன்னைச் சூழ்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் அப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நாலு திசைக்கும் ஆள் அனுப்பினார். உனக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒருவர் என் வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கள்ளனுக்கும் நல்லது கெட்டது தெரிஞ்சிருக்கு பாத்தியளா" என்றார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். எனக்குச் சுட்டது. சங்கிலி போட்டதால்தான் என் வண்டி தப்பியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், திருடன்கூட உன்னுடையதைத்தானே தொட்டான் என்று மனம் கிடந்து புழுங்கியது.

காவல் நிலையத்தில் அடையாளம் கேட்டார்கள். டேங்கின் இடப்பக்கம் ஒரு சின்னக் கீறல், சீட்டுக்கு அடியில் ஆணியால் கீறிய உன் முதல் எழுத்து, பின் பிரேக் மிதியில் தேய்மானம் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். என் வண்டிக்கு ஒரு அடையாளம் சொல் என்றால் நான் நிறத்தைத் தவிர என்ன சொல்லியிருப்பேன்?

வண்டி இல்லாமல் உன் வியாபாரம் நின்றுபோகும். நான்தான் சொன்னேன், "எம் வண்டியில வா. ரெண்டு மூட்டையையும் வச்சுக் கட்டுவோம்." மறுநாள் காலை வந்தவன், கிளம்புவதற்கு முன் என் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாய். சக்கரத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டாய். அதுவரை மூன்று உதை கேட்ட வண்டி உனக்கு ஒரே உதையில் கிளம்பியது. என்னுடையதுதான், உன் பேச்சைக் கேட்டது. போகிற ஊரிலெல்லாம், "அண்ணாச்சி, ஒங்க வண்டியக் களவாண்டுட்டானாமே" என்று உன்னிடம் துக்கம் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் என் பாத்திரங்களும் நன்றாக விற்றன.

மழைக்காலம் முடிகிறபோது தகவல் வந்தது. குளத்தூருக்கு அப்பால், உப்பளத்துப் பாதையோரக் கருவேலங்காட்டில் ஒரு வண்டி கிடக்கிறதாம். நாம் இருவரும்தான் போனோம். எஞ்சின் இல்லை, டேங்க் இல்லை, சக்கரங்கள் இல்லை. உப்புக்காற்றில் துருவேறிய வண்டிக்கூடும் கிழிந்த சீட்டும் கிடந்தன. நீ சீட்டைப் புரட்டி அடியில் விரலால் தடவினாய். எழுத்து இருந்தது.

"நம்மளுதுதாம்ல" என்றாய்.

அந்த 'நம்ம' என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு நாளும் என்னைப் பார்த்து, "ஒனக்குச் சங்கிலி போட்டதாலதான எம் வண்டி போச்சு" என்று நீ சொல்வாய் எனக் காத்திருந்தேன். ஒரு முறை சொல்லியிருந்தால் உன்னிடம் சண்டை போட்டு, நாமிருவரும் சமமாகியிருப்போம். நீ கடைசிவரை சொல்லவில்லை. பழைய வண்டி ஒன்றை வாங்கியபோது இரண்டு சங்கிலிகளோடு வந்து ஒன்றை என் கையில் கொடுத்தாய், அவ்வளவுதான். உன் வண்டியைப் பார்த்து வந்த பொறாமை சாதாரணமானது. இந்தக் குணத்தைப் பார்த்து வந்ததற்கு மருந்தில்லை. என்னிடம் ஒரே ஒரு சங்கிலி இருந்திருந்தால் அன்று யார் வண்டிக்குப் போட்டிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

உன்னை எடுத்த அன்று ஊர் ஊராகப் பெண்கள் வேன் பிடித்து வந்திறங்கினார்கள். நீ விற்ற சேலையையே பலர் உடுத்தியிருந்தார்கள். மாரடித்து அழுதார்கள். ஓரமாக நின்று, என் சாவுக்கு இதில் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

குளத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்க அவியகூட வார அண்ணாச்சிதான?"

எத்தனையோ வருடம் அந்த ஊருக்குப் பாத்திரம் கொண்டுபோயிருக்கிறேன். என் பெயர் அவருக்குத் தெரியாது.

"ஆமாத்தா, அவங்கூட வாரவந்தான்" என்றேன்.

இன்றும் எங்கேயாவது யாராவது அப்படித்தான் கேட்கிறார்கள். கேட்டதும் நெஞ்சில் சுருக்கென்கிறது. ஆனாலும் நான் என் பெயரைச் சொல்வதில்லை.